ஹிட்ச்காக் காட்டிய அச்சம்

மனித உள்ளத்தில் தோன்றும் உணர்ச்சிகளை எட்டு மெய்ப்பாடுகளாக வகுத்தார் தொல்காப்பியர். அவற்றுள் அச்சமும் ஒன்று. அச்சம் எவ்வெவற்றால் பிறக்கும் என்பதையும் அவர் வரையறுத்தார். மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்ட அணங்கு, கொடிய விலங்கு, கள்வர், நாட்டை ஆளும் இறைவன் என்னும் நான்குமே அவர் காட்டும் நிலைக்களங்கள். நகையும் பெருமிதமும் கலைக்கு உரிய பொருளாவது போலவே அச்சமும் கலைக்கு உரிய பொருளே என்பது இதனால் விளங்கும். ஆயினும் அச்சம் ஒன்றையே பொருளாகக் கொண்டு, அரை நூற்றாண்டுக் காலம் ஒரே கலையில் உழைத்தவர்கள் உலகில் மிகச் சிலர். அவர்களுள் முதல்வராக வைத்து எண்ணத் தக்கவர் ஆங்கிலத் திரைப்பட டைரக்டர் ஆல்பிரட் ஹிட்ச்காக்.

1925-இல் தம் முதற் படத்தை எடுக்கத் தொடங்கிய அவர், 1976-இல் தம் கடைசிப் படத்தை வெளியிட்டார். இடைப்பட்ட காலத்தில் அவர் ஆக்கிய முழுநீளப் படங்கள் ஐம்பதுக்கு மேற்பட்டவை. அவை அனைத்தையும் பற்றிப் பேசப் புகுந்தால் பெயர்களை அடுக்குவதற்கே நேரம் போதாது. ஆதலால் எனக்கு மிகவும் பிடித்த சில படங்களை மட்டும் காலமுறைப்படி எடுத்துக்கொண்டு, அவற்றின் வாயிலாக அவர் கலை வளர்ந்த வரலாற்றைச் சொல்ல விரும்புகிறேன். சொல்லும்போது ஒரு கேள்வியையும் உடன் கொண்டு செல்வோம். பிறரை அஞ்ச வைப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்குக் கடமை ஏதேனும் உண்டா? சிரிக்க வைப்பவனுக்கும் அழ வைப்பவனுக்கும் இல்லாத பொறுப்பு ஒன்று அவனுக்கு உண்டா? இதுவே அக்கேள்வி.

ஹிட்ச்காக் 1899-ஆம் ஆண்டு ஆகஸ்டு 13-ஆம் நாள் லண்டனை அடுத்த லேட்டன்ஸ்டோன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் காய்கறிக் கடைக்காரர். குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். படித்ததும் ஏசு சபைப் பாதிரிமார் நடத்திய பள்ளியில். சிறுவயதில் நிகழ்ந்ததாக ஒரு நிகழ்ச்சியை அவர் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்தார். ஏதோ ஒரு குறும்புக்காகத் தந்தையார் அவர் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துப் போலீஸ் நிலையத்துக்கு அனுப்பினாராம். சீட்டைப் படித்த அதிகாரி சிறுவனைச் சில நிமிடங்கள் சிறையறையில் அடைத்துவைத்தாராம். குறும்பு செய்யும் பிள்ளைகளுக்கு இதுதான் கதி என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அது நடந்தபடியே சொல்லப்பட்டதோ, சொல்லிச் சொல்லி வளர்ந்ததோ, எப்படியாயினும் ஆகுக. குற்றமற்றவன் ஒருவன் சட்டத்தின் கையில் அகப்பட்டுத் தவிப்பதே அவர் படங்களில் மீண்டும் மீண்டும் வரும் பொருளாயிற்று. தொல்காப்பியர் சொன்ன நான்கனுள் இறையால் வரும் அச்சமே அவரை முதலில் தீண்டியது எனலாம்.

இளமையில் அவர் ஹென்லி என்னும் தந்திக் கம்பித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அங்கே விளம்பரப் பகுதியில் படம் வரையும் பணியும் அவருக்கு வாய்த்தது. பின்னர் லண்டன் இஸ்லிங்டனில் ஓர் அமெரிக்கக் கம்பெனி அமைத்த ஸ்டூடியோவில், ஊமைப் படங்களுக்கிடையே வரும் எழுத்து அட்டைகளை வரையும் வேலையில் சேர்ந்தார். 1924-இல் ஒரு படத்தின் பணிக்காக அவர் ஜெர்மனிக்குச் சென்றார். பெர்லினை அடுத்த ஸ்டூடியோவில் அப்போது முர்னோ என்னும் பெரும் டைரக்டர் 'தி லாஸ்ட் லாஃப்' என்னும் படத்தை எடுத்துக்கொண்டிருந்தார். எழுத்து அட்டைகளின் உதவியை ஏறத்தாழ முற்றிலும் நீக்கி, காட்சியாலேயே கதையை நடத்திச் சென்ற படம் அது. அட்டை எழுதிப் பிழைத்த இளைஞர், அட்டையே வேண்டாத கலையை அங்கே கண்டார். வாயால் சொல்ல வேண்டியதைக் கண்ணுக்குக் காட்டுவதே திரைப்படம் என்னும் பாடத்தை அவர் பின்னர் ஒருநாளும் மறக்கவில்லை.

இக்காலத்தில் அவருக்கு வாய்த்த மற்றொரு பேறு ஆல்மா ரெவில் என்னும் அம்மையார். ஹிட்ச்காக் பிறந்ததற்கு மறுநாள் பிறந்தவர் அவர். படத்தொகுப்பில் கணவரைவிட முன்னதாகவே தேர்ந்தவர். 1926 டிசம்பரில் இருவரும் மணந்துகொண்டனர். கதையைத் தேர்வதிலும், எழுதுவதிலும், முடிந்த படத்தைச் சோதிப்பதிலும் அவ்வம்மையாரின் சொல்லே இறுதிச் சொல்லாக இருந்தது. ஹிட்ச்காக் என்னும் பெயரின் கீழ் வந்த புகழில் ஒரு பங்கு அவருக்கு உரியது.

1927-இல் வெளிவந்த 'தி லாட்ஜர்' என்னும் படமே உண்மையில் முதல் ஹிட்ச்காக் படம். அதற்கு முன் அவர் எடுத்தவை வேறு எவரும் எடுத்திருக்கக் கூடியவை. லண்டன் நகரில் மூடுபனி சூழ்ந்த இரவுகளில் பொன்னிறக் கூந்தலுடைய பெண்கள் வரிசையாகக் கொலையுண்கிறார்கள். ஒரு வீட்டின் மாடி அறைக்கு வாடகைக்கு வரும் இளைஞன்மீது வீட்டாருக்கு ஐயம் எழுகிறது. இரவில் அவன் மாடியில் உலவுகிறான். காலடி ஓசையைக் கேட்பிக்க ஊமைப் படத்தில் வழியில்லை அன்றோ? ஹிட்ச்காக் கனத்த கண்ணாடியால் ஒரு தளம் அமைத்து, அதன்மேல் நடிகரை நடக்கச் செய்து, கீழிருந்து படம் பிடித்தார். கீழே இருக்கும் குடும்பத்தார் ஆடும் விளக்கை அண்ணாந்து பார்க்க, கூரையே மறைந்து, நடக்கும் பாதங்கள் நமக்குத் தெரிகின்றன. ஓசை கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. இறுதியில் அந்த இளைஞன் குற்றமற்றவன். ஆனால் அது தெரிவதற்குள், கைவிலங்கோடு ஓடும் அவனை வெறிகொண்ட கூட்டம் துரத்துகிறது. விலங்கு வேலிக் கம்பியில் மாட்டிக்கொண்டு அவன் தொங்குகிறான். கொலைகாரனிடம் கொண்ட அச்சத்தைக் காட்டிலும், ஐயத்தால் வெறிகொள்ளும் நல்லவர்களிடம் கொள்ள வேண்டிய அச்சம் பெரிது என்று அந்தக் காட்சி சொல்லாமல் சொல்கிறது.

இரண்டு ஆண்டுகளில் பேசும் படம் வந்துவிட்டது. 'பிளாக்மெயில்' என்னும் படத்தை ஊமைப் படமாகத் தொடங்கிய ஹிட்ச்காக், இடையிலே அதனைப் பேசும் படமாகவும் மாற்றி 1929-இல் வெளியிட்டார். கதாநாயகியாக நடித்த ஆனி ஓண்ட்ரா செக் நாட்டுப் பெண்மணி. அவர் பேசும் ஆங்கிலம் லண்டன் கடைக்காரர் மகளுக்குப் பொருந்தவில்லை. பின்னணிக் குரல் சேர்க்கும் வசதி அந்நாளில் இல்லை. ஆகவே ஜோன் பாரி என்னும் நடிகை காமிராவுக்குத் தென்படாமல் நின்று வசனத்தைப் பேச, ஆனி ஓண்ட்ரா வாயை மட்டும் அசைத்தார். தொல்லைக்கிடையே பிறந்த இப்படத்தில்தான் ஒலியின் தனி ஆற்றலை அவர் கண்டுபிடித்தார். தன்னைக் கெடுக்க முயன்ற ஓவியனைக் கத்தியால் குத்திவிட்டு வீடு திரும்பிய பெண், மறுநாள் காலை உணவுக்கு அமர்கிறாள். அக்கொலையைப் பற்றி அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி ஓயாமல் பேசுகிறாள். பேச்சு மெல்ல மெல்லத் தேய்ந்து வெறும் முணுமுணுப்பாகிறது. 'கத்தி' என்னும் ஒரு சொல் மட்டும் தெளிவாகக் காதில் விழுகிறது. ரொட்டி அறுக்கக் கத்தியை எடுத்த கை நடுங்குகிறது. ஒலி வந்து ஓராண்டு கூட நிரம்பாத நாட்டில், ஒலியைக் குறைப்பதால் உண்டாகும் பயனை ஒருவர் கண்டார் என்பது வியப்புக்கு உரியது.

இவ்விடத்தில் அவருடைய கலைக்கு அடிப்படையான ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். திடுக்கிடல் வேறு, தவிப்பு வேறு என்பது அவர் கொள்கை. சிலர் மேசையைச் சுற்றி அமர்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். திடீரென்று மேசைக்கடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவர் ஒரு கணம் திடுக்கிடுவார், அவ்வளவே. அக்குண்டு அங்கே இருப்பதையும், அது வெடிக்கப்போகும் நேரத்தையும் முன்கூட்டியே நமக்குக் காட்டிவிட்டால், அதே வெறும் பேச்சு உயிர்ப்போராட்டமாகிறது. எழுந்து போங்கள் என்று அவர்களிடம் கத்த வேண்டும் போல் நமக்குத் தோன்றுகிறது. அறியாமையால் பிறக்கும் அச்சம் நொடிப்பொழுது நிற்கும். அறிவால் பிறக்கும் அச்சம் நெடுநேரம் நிற்கும். ஆதலால் படம் பார்ப்போரிடம் எதையும் மறைக்காதே என்பதே அவர் வகுத்த விதி. மறைப்பதால் அன்றிச் சொல்வதால் அஞ்ச வைத்தவர் அவர்.

இவ்விதியை அவர் முற்றும் கையாண்டு, அதனாலேயே பழிக்கு ஆளான படம் ஒன்று உண்டு. ஜோசப் கான்ராடு எழுதிய நாவலைத் தழுவி 1936-இல் எடுத்த 'சபடாஜ்', அதாவது 'நாசவேலை' என்னும் படம் அது. லண்டனில் சிறியதொரு சினிமாக் கொட்டகை நடத்தும் வெர்லாக் என்பவன் அந்நிய நாட்டாரின் கையாள். போலீசார் தன்னைக் கண்காணிப்பதை அறிந்த அவன், வெடிகுண்டைப் பொட்டலமாகக் கட்டி, படச்சுருள் பெட்டிகளோடு சேர்த்துத் தன் மனைவியின் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறான். அவன் பள்ளிச் சிறுவன். குண்டு 1 மணி 45 நிமிடத்துக்கு வெடிக்கும் என்பது நமக்குத் தெரியும், சிறுவனுக்குத் தெரியாது. வழியில் பற்பசை விற்கும் தெருவியாபாரி அவனைப் பிடித்து நிறுத்தி வேடிக்கை காட்டுகிறான். நகரத் தலைவரின் ஊர்வலம் குறுக்கிடுகிறது. எளிதில் தீப்பற்றும் படச்சுருளை பஸ்ஸில் ஏற்றக்கூடாது என்று சொல்லும் கண்டக்டர், பிறகு இரங்கி ஏற்றிக்கொள்கிறார். பக்கத்தில் ஓர் அம்மாள் நாய்க்குட்டியோடு அமர்ந்திருக்கிறாள். சிறுவன் நாய்க்குட்டியைக் கொஞ்சுகிறான். கடிகாரத்தின் முள் நகர்கிறது. பஸ் நகரவில்லை. குண்டு வெடிக்கிறது.

படம் பார்த்தவர்களும் விமரிசகர்களும் சினந்தனர். பிற்காலத்தில் ஹிட்ச்காக்கும் அச்சிறுவனைக் கொன்றது தம் பிழை என்று ஒப்புக்கொண்டார். நெஞ்சில் ஏற்றிய பாரத்தை இறக்கி வைக்காமல் விடுவது முறையன்று என்பது அவர் கண்ட முடிவு. தொழில்முறையில் அது சரியாக இருக்கலாம். ஆனால் நான் அவரோடு மாறுபடுகிறேன். உலகில் குண்டு வைப்பவர்கள் நேரம் பார்த்து வைக்கிறார்களே யன்றி, யார் அருகில் இருக்கிறார் என்று பார்த்து வைப்பதில்லை. தெருவில் வேடிக்கை பார்த்து நின்ற பிள்ளையும், மடியில் நாய்க்குட்டியோடு இருந்த கிழவியும் அதற்கு இரையாகிறார்கள். இந்த உண்மையை இனிப்புத் தடவாமல் சொன்ன படம் இது. செய்தி கேட்ட தமக்கை கொட்டகைக்குள் வந்து அமர்கிறாள். திரையில் கேலிச் சித்திரம் ஓடுகிறது. குழந்தைகள் சிரிக்க, அவளும் தன்னை மறந்து சிரிக்கிறாள். அடுத்த கணம் சித்திரப் பறவை ஒன்று அம்பு பட்டு விழ, அச்சிரிப்பு அவள் முகத்திலேயே உறைகிறது. அச்சத்தை விற்பவர் அதன் விலையையும் நமக்குக் காட்டிய இடம் இது என்பேன்.

1939-இல் ஹிட்ச்காக் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே எடுத்த முதற் படமான 'ரெபெக்கா' 1940-ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றது. பரிசு தயாரிப்பாளருக்குப் போயிற்று. சிறந்த டைரக்டருக்கான பரிசுக்கு ஐந்து முறை பெயர் குறிக்கப்பட்டும், ஒரு முறையும் ஹிட்ச்காக்குக்கு அது கிட்டவில்லை.

அமெரிக்கப் படங்களுள் என் உள்ளத்துக்கு மிக நெருங்கியது 1943-இல் வந்த 'ஷேடோ ஆஃப் எ டவுட்'. 'ஐயத்தின் நிழல்' என்று சொல்லலாம். இதன் திரைக்கதையில் புகழ்பெற்ற நாடக ஆசிரியரான தார்ன்டன் வைல்டர் பங்குகொண்டார். போர்க்காலமாதலால் அவர் ராணுவப் பணிக்குப் புறப்பட வேண்டியிருந்தது; எழுத்து வேலையின் இறுதிப் பகுதி ரயில் பயணத்திலேயே முடிந்தது. கலிபோர்னியாவில் சான்டா ரோசா என்னும் சிற்றூர். அங்கே ஒரு நல்ல குடும்பம். மூத்த மகள் சார்லி, தன் பெயரையே தாங்கிய தாய்மாமனிடம் அளவற்ற அன்பு கொண்டவள். மாமன் வருகிறான், ஊரே கொண்டாடுகிறது. அவனை ஏற்றிவரும் ரயில் கக்கும் கரும்புகை மட்டும் நிலையத்தை இருளாக்குகிறது. அவன் தந்த மோதிரத்தின் உட்புறத்தில் வேறு யாருடைய பெயரெழுத்துகளோ பொறிக்கப்பட்டுள்ளன. இரவு நேரத்தில் நூலகத்துக்கு ஓடிச்சென்று பழைய செய்தித்தாளைப் புரட்டும் பெண், பணக்கார விதவைகளைக் கொன்று திரியும் ஒருவனைப் பற்றிப் படிக்கிறாள். காமிரா மெல்ல மேலே உயர்கிறது. பரந்த கூடத்தில் அவள் ஒரு சிறு புள்ளியாகி நிற்கிறாள்.

இக்கதையின் நயம் யாதெனில், அவள் உண்மையை யாரிடமும் சொல்ல முடியாது என்பதே. தம்பியே உயிரென்று இருக்கும் தாய் அதைத் தாங்கமாட்டாள். தாய்மாமன் உறவின் பெருமையை அறிந்த நமக்கு இந்த வேதனை நன்கு விளங்கும். தந்தையும் அண்டை வீட்டுக்காரரும் பொழுதுபோக்காகக் கொலை வகைகளைப் பற்றி உரையாடி மகிழ்கிறார்கள். உண்மையான கொலைகாரன் அதே மேசையில் உண்கிறான். இறுதியில் ஓடும் ரயிலிலிருந்து மருமகளைத் தள்ள முயன்ற மாமன் தானே விழுந்து மாள்கிறான். ஊரார் அவனுக்குச் சிறப்பான இறுதிச் சடங்கு நடத்துகிறார்கள். உண்மை அறிந்தவர் அவளும் அவள் பக்கத்தில் நிற்கும் துப்பறிவோனும் மட்டுமே. கள்வரால் வரும் அச்சம் காட்டிலும் இருளிலும் இருப்பதாகவே நாம் எண்ணுகிறோம். அது நம் வீட்டுக்குள் நாமே மாலையிட்டு அழைத்துவந்த விருந்தாளியின் உருவில் இருக்கக்கூடும் என்று ஹிட்ச்காக் காட்டினார்.

அவர் வாழ்க்கையில் பலரும் அறியாத ஒரு பணியை இங்கே குறிப்பிட வேண்டும். 1945 ஏப்ரல் 15-ஆம் நாள் பிரிட்டிஷ் படை பெர்கன்-பெல்சன் என்னும் ஜெர்மானிய வதைமுகாமை விடுவித்தது. படையோடு சென்ற காமிராக்காரர்கள் அங்கே கண்டவற்றைப் படம் பிடித்தனர். இவற்றைத் தொகுத்து ஒரு விவரணப் படம் ஆக்கும் பொறுப்பு சிட்னி பெர்ன்ஸ்டைன் என்பவரிடம் இருந்தது. அவர் தம் நண்பரான ஹிட்ச்காக்கை லண்டனுக்கு அழைத்தார். சில வாரங்கள் தங்கி ஹிட்ச்காக் ஆலோசனை கூறினார். காட்சியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டுவதில் உலகப் புகழ் பெற்றவர் அவர். ஆனால் அங்கே அவர் சொன்ன ஆலோசனை, வெட்டாதீர்கள் என்பதே. பிணக்குவியலையும், அதன் அருகே நிறுத்தப்பட்ட முகாம் காவலரையும், பார்க்க வந்த ஊர்ப் பெரியவர்களையும் காமிரா இடைவெளியின்றி ஒரே ஓட்டமாகக் காட்ட வேண்டும் என்றார். வெட்டினால், பின்னர் எவனாவது இது பொய், ஒட்டுவேலை என்று சொல்லிவிடுவான் என்பது அவர் கவலை. முகாமைச் சுற்றியிருந்த ஊர்களில் மக்கள் அன்றாட வாழ்வு நடத்திவந்ததை வரைபடத்தால் காட்டவேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

அரசியல் காற்று மாறியதால் அப்படம் அவ்வாண்டே நிறுத்தி வைக்கப்பட்டது. நாற்பது ஆண்டுகள் கழிந்து, 1984-இல் பெர்லின் திரைப்பட விழாவில் அதன் முடிவுறாத வடிவம் காட்டப்பட்டது. லண்டனிலுள்ள போர் அருங்காட்சியகத்தார் 2014-இல் அதனை முழுமையாக்கினர். கற்பனை அச்சத்துக்கு ஒரு முறை, மெய்யான கொடுமைக்கு வேறு முறை என்று பிரித்தறிந்த உள்ளத்தை இந்நிகழ்ச்சியில் காண்கிறோம். தம் கைத்திறத்தை எங்கே காட்டக்கூடாது என்பதை அறிந்திருந்தது அவர் திறமைகளுள் பெரிது என்று நான் மதிக்கிறேன்.

அடுத்து 1954-இல் வந்த 'ரியர் விண்டோ', அதாவது 'பின்புறத்துச் சன்னல்'. கால் முறிந்து மாவுக்கட்டோடு நாற்காலியில் கிடக்கும் புகைப்படக்காரர் ஒருவர், கோடை வெப்பத்தால் திறந்து கிடக்கும் எதிர் வீடுகளின் சன்னல்களைப் பார்த்துப் பொழுது போக்குகிறார். இதற்காகப் பாராமௌண்ட் ஸ்டூடியோவில் 31 வீடுகள் கொண்ட முற்றம் ஒன்றையே கட்டினார்கள். ஏறத்தாழப் படம் முழுவதும் காமிரா அந்த அறையை விட்டு வெளியேறுவதில்லை. ஒவ்வொரு சன்னலும் ஒரு கதை. புதுமணத் தம்பதியர், தனிமையில் வாடும் பெண், பாட்டு அமையாமல் தவிக்கும் இசையமைப்பாளர், ஆடிப் பழகும் மங்கை, இவர்களுக்கிடையே மனைவியைக் கொன்றானோ என்று ஐயுறத்தக்க ஒரு விற்பனையாளன். ஒரு கொலை நடந்திருக்க வேண்டும் என்று புகைப்படக்காரர் விரும்பத் தொடங்குகிறார். அவரோடு சேர்ந்து நாமும் விரும்புகிறோம்! கொலை நடக்கவில்லை என்று தோன்றும்போது நம் முகம் வாடுகிறது. அப்போதுதான் நம்மை நாமே காண்கிறோம்.

இப்படத்தில் நான் மறக்க முடியாத இடம் வேறொன்று. ஒரு வீட்டாரின் செல்ல நாய் இரவில் கொல்லப்படுகிறது. அதற்கு உரியவள் மாடிப்படியில் நின்று, அண்டையில் வாழ்ந்தும் ஒருவர் மீது ஒருவர் அன்பில்லாமல் வாழும் நீங்களெல்லாம் மனிதர்களா என்று அலறுகிறாள். எல்லாச் சன்னல்களிலும் விளக்கெரிகிறது. எல்லாரும் எட்டிப் பார்க்கிறார்கள். ஒரு சன்னல் மட்டும் இருண்டு கிடக்கிறது. அவ்விருளில் சுருட்டின் நெருப்பு ஒளிர்ந்து ஒளிர்ந்து அடங்குகிறது. குற்றவாளி யார் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. பார்த்துக்கொண்டே இருப்பதும் அக்கறை கொள்வதும் ஒன்றல்ல என்பதும் தெரிந்துவிட்டது. பிறர் வாழ்வை எட்டிப் பார்க்கக் கையளவு கண்ணாடிகள் எல்லாரிடமும் வந்துவிட்ட இந்நாளில், அந்தப் பெண்ணின் குரல் முன்னிலும் உரக்கக் கேட்கிறது.

1956-இல் வந்த 'தி ராங் மேன்' என்னும் படத்தைப் பலர் அறியார். நியூயார்க் நகரில் உண்மையாக நடந்த நிகழ்ச்சி அது. இரவு விடுதியில் வாத்தியம் வாசிக்கும் ஏழைக் கலைஞர் ஒருவரைத் திருடன் என்று தவறாக அடையாளம் காட்டிவிடுகிறார்கள். 1953 ஜனவரியில் அவர் கைதாகிறார். படத்தின் தொடக்கத்தில் ஹிட்ச்காக் தாமே நிழலுருவாக வந்து, இதில் வருவன யாவும் மெய் என்று சொல்கிறார். வேடிக்கையோ நகைச்சுவையோ இதில் இல்லை. கைரேகை எடுப்பதும், பையிலுள்ளவற்றை எண்ணி வாங்கி வைப்பதும், அறைக்கதவு மூடுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நிதானமாக நிகழ்கின்றன. யாரும் கொடியவர் அல்லர். எல்லாரும் தத்தம் கடமையையே செய்கிறார்கள். இறுதியில் மெய்யான திருடன் அகப்பட்டு இவர் விடுதலை பெறுகிறார். ஆனால் அதற்குள் மனைவியின் மனம் நிலைகுலைந்து போயிற்று. சட்டம் தான் எடுத்துக்கொண்ட எல்லாவற்றையும் திருப்பித் தர இயலாது என்னும் இந்த அச்சம், அன்று சிறையறையில் சில நிமிடம் நின்ற சிறுவனின் அச்சமே.

1958-இல் வந்த 'வெர்டிகோ'வின் வரலாறு படங்களுக்கும் ஊழ் உண்டு என்பதற்குச் சான்று. உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் முன்னாள் துப்பறிவோன் ஒருவன், இறந்த மூதாட்டியின் ஆவி பற்றியதாகச் சொல்லப்படும் பெண்ணைப் பின்தொடர்ந்து அவளிடம் காதல் கொள்கிறான். கோபுரத்திலிருந்து வீழ்ந்து அவள் மாள்கிறாள். பின்னர் அவளைப் போன்ற மற்றொருத்தியைக் கண்டு, உடையும் கூந்தலும் மாற்றி, இறந்தவளாகவே அவளை ஆக்க முனைகிறான். இருவரும் ஒருத்தியே என்னும் மருமத்தைப் படம் முடியுமுன்பே, மூன்றில் இரு பங்கு கடந்த நிலையில், ஹிட்ச்காக் நமக்குச் சொல்லிவிடுகிறார். அதைச் சொல்லலாமா என்று படக்குழுவினரிடையே விவாதம் எழுந்தது. சொன்னதே சரியாயிற்று. மருமம் போயிற்று, அதனினும் பெரிய வேதனை வந்தது. தலைசுற்றும் உணர்வைக் காட்ட, படிக்கட்டின் சிறு மாதிரி ஒன்றைக் கிடையாகப் படுக்கவைத்து, காமிராவைப் பின்னுக்கு இழுத்தபடியே லென்ஸால் காட்சியை அருகே கொணர்ந்தார்கள். இன்று உலகெங்கும் கையாளப்படும் அந்த உத்தி அங்கே பிறந்தது.

வெளிவந்தபோது இப்படம் பெரிய வரவேற்பைப் பெறவில்லை. பின்னர்ப் பல ஆண்டுகள் காட்டப்படாமலே கிடந்து, ஹிட்ச்காக் இறந்தபின் 1980-களின் இடையில் மீண்டும் வெளிவந்தது. 1996-இல் சிதைவு நீக்கிப் புதுப்பிக்கப்பட்டது. பிரிட்டிஷ் திரைப்பட ஏடு ஒன்று பத்தாண்டுக்கு ஒருமுறை விமரிசகர்களிடம் எடுக்கும் கணிப்பில், 2012-ஆம் ஆண்டு உலகின் தலைசிறந்த படம் என்னும் முதலிடத்தை அடைந்தது; 2022-இல் இரண்டாம் இடத்தில் நின்றது. ஆக்கியோன் அப்புகழைக் காண இல்லை.

1960-இல் வந்த 'சைக்கோ'வைப் பற்றிக் கேள்விப்படாதவர் இல்லையாதலால் விரித்துரைக்க வேண்டியதில்லை. குளியலறையில் கத்திக்குத்து நிகழும் பகுதி ஒரு நிமிடத்தைக் கூட எட்டாது. அதைச் சார்ந்த காட்சியைப் படமாக்க ஏழு நாள் ஆயிற்று. பெர்னார்டு ஹெர்மன் வெறும் நரம்புக் கருவிகளைக் கொண்டே அமைத்த இசை அதற்கு உயிர் தந்தது. 1963-இல் வந்த 'தி பேர்ட்ஸ்' படத்தில் பறவைகளே பகையாகின்றன. விலங்கால் வரும் அச்சத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. அப்படத்தின் மாடியறைக் காட்சிக்காக டிப்பி ஹெட்ரன் என்னும் நடிகைமீது பல நாட்கள் உயிருள்ள பறவைகளை எறிந்தார்கள். அவர் முகத்தில் காயம்பட்டது. மருத்துவரின் சொற்படி ஓய்வும் கொள்ள நேர்ந்தது. ஹிட்ச்காக் தம்மிடம் முறைகேடாக நடந்தார் என்றும், தாம் இணங்காமையால் தம் திரைவாழ்வை முடக்கினார் என்றும் அவர் 2016-இல் வெளியிட்ட தம் வரலாற்று நூலில் எழுதினார். இதைச் சொல்லாமல் படத்தின் சிறப்பை மட்டும் சொல்வது நேர்மை ஆகாது. திரையில் தோன்றும் அச்சம் நடிப்பு என்றே நாம் நம்பிப் பார்க்கிறோம். அது ஒருத்தியின் மெய்யான அச்சமாக இருந்தால், அங்கே கலை தன் எல்லையைக் கடந்துவிட்டது.

1979 மார்ச்சில் அமெரிக்கத் திரைப்படக் கழகத்தார் அவருக்கு வாழ்நாள் சாதனைப் பரிசு அளித்தபோது, ஹிட்ச்காக் நால்வருக்கு நன்றி கூறினார். படத்தொகுப்பாளர் ஒருவர், கதை எழுதுபவர் ஒருவர், தம் மகளின் தாய், வீட்டில் அருமையாகச் சமைப்பவர் என்று வரிசைப்படுத்தி, நால்வரின் பெயரும் ஆல்மா ரெவில் என்றார். 1980-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசியார் அவருக்கு 'சர்' பட்டம் வழங்கினார். அவ்வாண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அவர் காலமானார்.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கேள்விக்கு வருவோம். அஞ்ச வைப்பவனுக்குக் கடமை உண்டா? அவர் படங்களே விடை தருகின்றன. பஸ்ஸில் சென்ற சிறுவனுக்காகவும், தவறாகக் கைதான இசைக்கலைஞருக்காகவும், வேலிக் கம்பியில் தொங்கிய இளைஞனுக்காகவும் நாம் அஞ்சுகிறோம். தமக்காக அஞ்சுவது எல்லா உயிர்க்கும் இயல்பு. பிறனுக்காக அஞ்சுவதோ அருளின் தொடக்கம். திடுக்கிட வைப்பவன் நம்மை நம் உடம்புக்குள்ளேயே அடைத்துவிடுகிறான். தவிக்க வைப்பவன் நம்மை மற்றொருவன் நிலையில் கொண்டுபோய் நிறுத்துகிறான். இந்த இரண்டாம் வகை அச்சத்தைத் தந்த இடங்களிலெல்லாம் ஹிட்ச்காக் தம் கடமையைச் செய்தார். தம்மை நம்பி வந்த ஒருத்தியையே துன்புறுத்திப் பெற்ற அச்சத்தில் அக்கடமையை மறந்தார். இரண்டையும் மறவாமல் அப்படங்களைப் பார்ப்போமாக. அவ்வாறு பார்க்கும்போது, அடுத்த வீட்டுச் சன்னலில் இருளைக் கண்டால் வெறுமனே பார்த்துக்கொண்டிராமல் எழுந்துபோய்க் கதவைத் தட்டும் மனம் நமக்கு வாய்க்கும்.